ஆறாம் மாதக் கட்டத்தில் ஒரு சைபர்

டெட்டால் வாசனை... அதுவும் போன் ரிசீவரில். எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் தினமும் துடைத்துத் துடைத்து வைத்தாராம். கடைசி வரை அந்த வாசனை போகவேயில்லை.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜரி ஓபிக்குப் பின்னால் ஸ்டோர் ரூம் மாதிரி ஒரு அறை. அங்கேதான் என் முதல் வேலை. பெயர் மட்டும் பெரிசு... ரிசர்ச் கோஆர்டினேட்டர்!

குடல் ஆபரேஷன் செய்த தழும்பு வழியாகச் சிலருக்குக் குடல் பிதுங்கி வரும். அதை உள்ளே தள்ளி, ஒரு வலை வைத்துத் தைப்பார்கள். அந்த வலை தாங்குகிறதா என்று ஆராய்ச்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போன் செய்து, வலி எவ்வளவு என்று கேட்டு, சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பரை பாரத்தில் எழுத வேண்டும்.

நல்லமுத்து அண்ணன் புதுச்சத்திரம் பக்கம். கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கியவர். குடலில் கேன்சர் கட்டி எடுத்து, அதிலிருந்து தப்பித்து, பிறகு வலை வைத்துக்கொண்டவர். ஆறாம் மாதம் கூப்பிட்டேன்.

"அண்ணா, வயிறு வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லீங்க அம்மிணி."

"நம்பர் சொல்லணும்ணா. பத்துக்கு எத்தனை?"

"அதெல்லாம் பரவாயில்லீங்க."

"அப்ப சைபர் போட்டுக்கட்டுமா?"



"போட்டுக்கோங்க சாமி..."

போட்டேன். டவுன்காரி நான். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உயிர் போகிற வலியிலும் முதலில் 'பரவாயில்லீங்க'தான் வரும் என்று தெரியாத மரமண்டை. அன்றைக்கு லிஸ்டில் இன்னும் பதினோரு பேர் பாக்கி வேறு.

ஒன்பதாம் மாதம் போனை எடுத்தது அவர் சம்சாரம்.

"அவரு போயிட்டாருங்க..."

குடல் வலையில் ஒட்டி, முறுக்கிக்கொண்டு, உள்ளேயே அழுகி... நான் பேசிய மூன்றாம் நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் வழியிலேயே.

"நீங்க கூப்ட்டப்ப வாந்தி எடுத்துட்டு இருந்தாருங்க. வாயத் தொடச்சுட்டு எந்திரிச்சு வந்து பேசுனாரு. பாவம், அந்தம்மிணி எத்தன பேருக்குப் போன் பண்ணோணும், நம்ம ரோதன வேற எதுக்குன்னாருங்க."

அந்தம்மாவே மேலே பேசினார்.

"எங்க சனமே எட்டிப் பாக்கலீங்க. நீங்கதான் மறக்காம கேட்டீங்க. நல்லா இருப்பீங்க சாமி."

ஐயோ... அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம்.

சைபரை அடித்துத் திருத்தலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "அவர் சொன்னத எழுதியிருக்கீங்க. டெத்துக்குத் தனி பாரம் இருக்கு. இதுல கை வைக்கக் கூடாது" என்றார். ரூல்ஸ்படி சரிதான். மூன்று நாளில் சாகப்போகிறவருக்கு வலியே இல்லை என்று என் கையெழுத்தோடு அந்தப் பாரம் போய்விட்டது.

இப்போது காகிதமே கிடையாது. டேப்லெட்டில் வரிசையாக முகங்கள், சிரிப்பதிலிருந்து அழுவது வரை. பேஷண்டே தொட வேண்டும். போன வாரம் ராசிபுரத்து அம்மா ஒருவர், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, சிரிக்கிற முகத்தைத் தொட்டார்.

"ஏனுங்கம்மா, வலிக்கலீங்களா?" இத்தனை வருஷத்தில் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"வலிக்குதுங்க... அழுவற மூஞ்சியத் தொட்டா உங்குளுக்குச் சங்கட்டமா இருக்குமுங்களே."

டேப்லெட் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தது.