டிப்ளோமா வேண்டும், டெஸ்மன்ட் வேண்டாம்

உங்கள் பிள்ளைக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுப்பவர் ஊரில் எந்தப் பக்கத்தில் பிறந்தவர் என்று நீங்கள் தொலைபேசி எடுத்து விசாரித்ததுண்டா? சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரில் விசாரித்தார்கள். அந்த விசாரணையில் தோற்றவர் டெஸ்மன்ட்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உதைபந்தாட்டப் பயிற்றுநராக இருந்தவர். போர் முடிந்தபின் அகதியாக சுவிஸுக்கு வந்தார். விடியுமுன் அலுவலகங்களைத் துடைத்தார், மாலையில் ஜெர்மன் படித்தார். பயிற்றுநர் டிப்ளோமாவில் முதல் முறை தேறவில்லை. மொழி காலை வாரியது. விடாமல் மறுபடியும் எழுதி எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் குலேந்திரனுக்கு அவரைத் தெரியவந்தது. பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் முதலாளி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அக்கடமி தொடங்குவோம் என்றார். டெஸ்மன்டின் டிப்ளோமாவைப் பார்த்துத்தான் நகரசபை மைதானம் தந்தது. பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுத்தார். பிள்ளைகள் பெருகினார்கள், விளம்பரக்காரர்கள் வந்தார்கள். சென்ற ஆண்டு அக்கடமி ஒரு நிறுவனமானது. தலைமைப் பயிற்றுநருக்கு முழுநேரச் சம்பளம் என்று முடிவானது. இனித் துடைப்பத்தைத் தொடவேண்டியதில்லை என்று டெஸ்மன்ட் நம்பினார்.

அவருடைய மனைவி யூஜினி நம்பவில்லை. ஆட்ட இடைவேளையில் பிள்ளைகளுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது பெற்றோரின் முறைவேலை. யூஜினியின் முறை வரும்போதெல்லாம் வேறொரு தாய் முந்திக்கொண்டு தன் டப்பாவைத் திறந்தார். யூஜினியின் பழம் அப்படியே வீடு திரும்பியது.

"பழம் இனிப்புத்தான். அவைக்கு என்ர கைதான் புளிக்குது," என்றார் யூஜினி.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்ததும் குலேந்திரன் டெஸ்மன்டை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பெற்றோர் கொஞ்சப்பேர் கதைக்கினம்."

"என்னவாம்? ஓஃப்சைட்டைப் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டனோ?"

"சீச்சீ, உங்கட விளையாட்டறிவை ஆர் குறை சொல்லுறது! பிள்ளையள் வளருதுகள். உங்கட மகளும் இஞ்ச விளையாட வாறா. நாளைக்குப் பழக்கம், போக்குவரத்து எண்டு வந்தால்..."

"அப்ப பந்துக்கும் சாதி கேட்டுத்தான் காத்தடிக்கிறனீங்களோ?"

"நான் அப்பிடிப் பாக்கிறேல்லை, அண்ணை. சனம்தான். நீங்கள் உதவியாளரா இருங்கோ. மைதானத்துக்கு உங்கட டிப்ளோமாவும் வேணுமெல்லே?"

"டிப்ளோமாவுக்குத் தீட்டில்லையோ?" என்று கேட்டுவிட்டு டெஸ்மன்ட் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

அடுத்த மாதம் ஒரு சுவிஸ்காரரைத் தலைமைப் பயிற்றுநராக்கினார்கள். அவருக்கு மாலை போட்டார்கள். அவர் எந்த ஊர், தகப்பன் என்ன தொழில் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வெள்ளைத் தோலுக்கு விசாரணையே கிடையாது! ஒடுக்கப்பட்டோம் என்று சொல்லி இந்த நாட்டில் புகலிடம் கேட்டவர்கள் நாம். அதே வாயால் ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சாதி கேட்கிறோம். பிள்ளைகளை மருத்துவமும் பொறியியலும் படிக்க வைக்கிறோம். இரத்தத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் எதைக் காட்டுவோம்?

டெஸ்மன்ட் இன்றும் விடியுமுன் அலுவலகங்களைத் துடைக்கிறார். எந்த மைதானத்துக்கும் போவதில்லை.

உங்கள் பிள்ளை அந்த அக்கடமியில் இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். அவரை ஏன் விலக்கினீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். பெற்றோரின் விருப்பம் என்றால், எந்தப் பெற்றோர் என்று பெயர் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்தப் பதிலை அவர்கள் காதுபடச் சொல்லச் சொல்லுங்கள்.