உசில மரத்தில் நான் கட்டிய மஞ்சள் துணி

தேவாங்கு கணக்கெடுக்கும் வேலைக்கு எனக்குச் சம்பளம் கொடுத்தது சென்னையில் உள்ள ஒரு கம்பெனி. அதுவரை திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். கம்பெனி தன் பெயர் போட்ட மஞ்சள் பனியன், மஞ்சள் தொப்பி, மஞ்சள் பிளாஸ்டிக் நாடா எல்லாம் அனுப்பியது. தேவாங்கு தென்பட்ட மரத்தில் நாடாவைக் கட்டிப் படம் அனுப்ப வேண்டும். படத்தில் கம்பெனிப் பெயர் தெரிகிறதா என்றுதான் கேட்பார்கள். தேவாங்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சாணார்பட்டியைத் தாண்டி, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து மலையைப் பார்த்து ஒரு மணி நேரம் நடந்தால் நாலைந்து தோட்டங்கள். அதில் ஒன்றில் ஒரு பெண் தனியாக மல்லிகை போட்டிருந்தார். கணவர் திருப்பூரில் வேலை. மூன்று மாதம் எனக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பியவர், ஒருநாள் கூட்டிப்போய்த் தோட்டத்தைச் சுற்றிப் புதராய் அடர்ந்திருந்த கிளுவை முள்வேலியைக் காட்டினார்.

"தாயும் குட்டியுமா உள்ள கிடக்கு டீச்சர். யார்ட்டயும் சொல்லிராதீங்க. மாந்திரீகம் அது இதுன்னு பிடிச்சுட்டுப் போயிருவாய்ங்க."

சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில் ஊர்ப் பெயரைக்கூட மாற்றிப் போட்டேன்.

பிளாஸ்டிக் நாடா வெயிலில் நைந்து போனது. மீதியை ஆடு மென்றது. வேறு கேட்டால் பதில் இல்லை. கடையில் ஒரு மீட்டர் மஞ்சள் துணி வாங்கிக் கிழித்து, வேலிமேல் சாய்ந்திருந்த உசில மரத்தில் ஒரு துண்டைக் கட்டினேன். பருத்தித் துணி, தானே மக்கிவிடும் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவளுக்கு மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டாமா? படித்த முட்டாள்.

இரண்டு மாதம் ரெட்டியார்சத்திரம் பக்கம் வேலை. திரும்பி வந்தபோது மரம் முழுக்க மஞ்சள் துணி, பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். அடியில் ஒரு கல்லுக்குச் சிவப்புச் சேலை. வெள்ளிக்கிழமை தோறும் பொங்கல் வைக்கிறார்கள் என்றார் அந்தப் பெண். அவரால் தடுக்க முடியவில்லை. காரணத்தைச் சொன்னால் தேவாங்கு இருப்பது தெரிந்துவிடும்.

மரத்தடியில் விபூதி கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், முதல் துணியைக் கட்டியது நான்தான், கணக்கெடுப்புக்காகக் கட்டினேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்களா கட்டலம்மா. அவதான் உங்களைக் கட்ட வச்சிருக்கா."

மஞ்சள் மரத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, கம்பெனிக்காரர்கள் ஒருநாள் காரில் வந்தார்கள். என்னிடம் ஒன்றும் விசாரிக்காமல் கூட்டத்துக்கெல்லாம் தொப்பி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். காட்டைக் காப்பதில் மக்கள் பங்கேற்பு என்று அதன் கீழே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நான் வேலையை விடவில்லை.

ஆடி வெள்ளிக்குக் கூட்டம் அதிகம் வரும் என்று, பொங்கல் வைக்க இடம் பண்ணுவதற்காக வேலியை வெட்டித் தீ வைத்துவிட்டார்கள். பட்டப்பகல். பகலில் தேவாங்கு சுருண்டு தூங்கும், ஓடத் தெரியாது. அந்தப் பெண் பூவை விற்கத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வந்திருந்த நேரம்.

அவர் போன் பண்ணி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். குழியை வெட்டி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். பக்கத்திலிருந்த கூடையைத் தூக்கி உள்ளே காட்டினார். கருகிய தாயின் வயிற்றைக் குட்டியின் கைகள் விடாமல் பிடித்திருந்தன. நான் அழுதேன். துணி கட்டியது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கூடையைக் குழிக்குள் இறக்கினார்.

"நீங்க யார்ட்டயும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான்தான் உங்ககிட்டச் சொன்னேன்."