வால்யூம் பட்டன் இல்லாத போன்

சேரம்பாடி செல்போன் கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

காலையில் சார்ஜ் தீர்ந்து அணைந்த போனை மறுபடி போட்டால், பேட்டர்ன் கேட்டது. மாதக்கணக்கில் விரலை வைத்தே திறந்து பழகியவனுக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்?

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால்யூம் பட்டனே உடைஞ்சு போயிருக்குதுங்களே. அதை அமுக்காம ரீசெட் பண்ண முடியாது. கழட்டித்தான் பண்ணணும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடுமுங்க."

பாப்பா பிறந்த அன்று எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு வழி தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்த நேரம், ரீசார்ஜ் செய்ய வந்த செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அதை எடை போடுகிறவன் நான்.

"இங்க கொடுங்க சார்" என்று வாங்கி, விரலால் ஒரு கோடு இழுத்தார். போன் திறந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"வாங்கின புதுசுல எங்க முன்னாடிதானுங்களே கோடு போட்டுத் திறப்பீங்க. நீங்க மேசையில வச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனா, மத்தியானம் மழை வருமான்னு நாங்க அதுலதான் பார்ப்போம். பறிக்கிற எல்லாருக்கும் தெரியுமுங்க சார்."

என் முகம் போன போக்கைப் பார்த்து ஆறுதலும் சொன்னார். "பயப்படாதீங்க. மெசேஜ் எல்லாத்தையும் படிக்கிறதில்லீங்க."

பேட்டர்னை உடனே மாற்றத்தான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை மறந்தால் யாரிடம் போய்க் கேட்பது? நீங்களே சொல்லுங்கள்.