திம்மராயன் நனைக்காத விரல்

களி கிண்டுகிறவனைப் பார்த்து 'வேகலை' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அவன் பிழைப்பு அன்றோடு முடிந்தது. எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னவர் திம்மராயன். ராயக்கோட்டையிலிருந்து தளி வரைக்கும் விருந்து என்றால் அவர்தான் சமையல் மாஸ்டர். என் பெயர் மாரப்பன். அஞ்செட்டி மலைப்பக்கம் பிறந்தேன், மூன்றாம் வகுப்போடு நிறுத்தினேன், அதற்குப் பிறகு இந்தக் கை கேழ்வரகுக் களியைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

களி வெந்ததா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான். விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட வேண்டும். ஒட்டாமல் வந்தால் வெந்தது. காய்ந்த விரலால் தொட்டால் எப்பேர்ப்பட்ட களியும் ஒட்டும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திம்மராயனுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் வயிற்றுக்காக அடுப்படியில் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், உங்களுக்கும் ஒரு திம்மராயன் இருந்திருப்பார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எருமைகள் சாப்பிட்ட களி

தளிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் வீட்டில் கெடா விருந்து. முப்பது வருடம் இருக்கும். குழம்புக்குத் திம்மராயன், களிக்கு நான். வெயில் ஏறும் முன்பே என் அண்டா தயார். மாவு வெந்த வாசனை மாமரங்களுக்குக் கீழே மெதுவாக நகர்ந்து போனது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல களி அதற்கு முன்பு வந்ததில்லை.

திம்மராயனின் கறி அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். தோட்டக்காரர் வந்து "இலை போடலாமா?" என்று கேட்டார். திம்மராயன் நேராக என் அண்டாவிடம் வந்தார். பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைப் பார்த்தார், தொடவில்லை. காய்ந்த விரலைக் களிக்குள் விட்டு எடுத்து, ஒட்டியிருந்த மாவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். "வேகலைங்க. இதைப் போட்டா ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்குவாங்க. மறுபடியும் கிண்டச் சொல்லுங்க" என்றார். அவர் பெரிய மாஸ்டர். என் களியை என் கையாலேயே மாட்டுத் தொட்டியில் கொட்டினேன்.

அன்றையிலிருந்து நான் வேகாத மாரப்பன். விருந்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்த முனியம்மா தொட்டி ஓரத்தில் நின்று சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை. "வேகலைன்னாங்களேண்ணா, எருமைங்க இன்னும் தலையே தூக்கலியே."

மாத்திரை

மலைப்பக்கம் பிழைப்பு போனதும் ஓசூருக்கு வந்தேன். சிப்காட்டுக்குப் போகிற ரோட்டில் சரோஜம்மா ஒரு மெஸ் வைத்திருந்தார். கீரை, கறி, அவரைக்கொட்டைக் குழம்பு எல்லாம் அவர் கை. களி என் கை. சரோஜம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். என்னை வேலைக்குச் சேர்க்கும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. விரலை நனைத்துக் களியைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார், உள்ளே போனார். அன்று எனக்கு அழுகை வந்தது. ஆவி பட்டுக் கண் கலங்குகிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.

எங்கள் மெஸ்ஸுக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள் அதிகம். கம்பெனி சட்டையோடு வருவார்கள், அரிசிச் சோற்றுக்குப் பழகிய வாய். இசக்கிமுத்து என்று தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர், லேத் மெஷின் ஓட்டுகிறவர், முதல் நாள் களியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் முக்கி, அப்படியே விழுங்க வேண்டும். அவர் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் வந்து நின்றது, ஹாரன் அடித்தது, போயே போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எங்கோ சொந்த ஊர்க் குளத்தங்கரையில் இருக்கிறவர் மாதிரி மென்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், மெல்லாதீங்க, முழுங்குங்க என்றேன். அவர் வாயில் இருந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கேட்டார். "அண்ணாச்சி, இது சாப்பாடா, மாத்திரையா?"

ஒரு மேஜை, மூன்று பெயர்

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. யாரும் வெளியே போக முடியவில்லை. ஒரே மேஜையில் ஆனேக்கல்லிலிருந்து வந்த லாரி டிரைவர், குப்பத்துப் பக்கத்துப் பூ வியாபாரி, குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய மாட்டுத் தரகர். டிரைவர் களியைக் காட்டிக் கன்னடத்தில் இது முத்தெ, எங்கள் சாப்பாடு என்றார். பூ வியாபாரி தெலுங்கில் இது சங்கடி, எங்கள் தாத்தா காலத்துச் சாப்பாடு என்றார். இரண்டு பேரும் இரண்டு பாஷையில் சண்டை போட, இரண்டு பேருக்கும் இரண்டும் புரிந்தது. வெளியே மழை, உள்ளே மூன்று உருண்டையிலிருந்தும் ஒரே மாதிரி ஆவி எழும்பி ஒரே ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறியது. நான் களி கிண்டுகிற துடுப்பைச் சாய்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரகர் மட்டும் பேசாமல் இரண்டு உருண்டையை முடித்தார். கை கழுவப் போகும்போது என் பெயரைக் கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருடம் தாண்டி, இருபது முப்பது ஊர் தாண்டி, மாட்டுச் சந்தை வழியாகக்கூட அந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. "ஓ, வேகாத மாரப்பன் நீங்கதானா? நல்லா வெந்துதானே இருக்குது."

ஆவிக்குள் ஒருவர்

இப்படி நல்லா வெந்திருக்குது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. குற்றம் சொன்ன வாய்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். திம்மராயன் விரலை நனைத்துத் தொட்டு, 'வெந்திருக்குது' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வர வேண்டியது அது ஒன்றுதான்.

மார்கழிக் காலையில் ஓசூர் பனியில் காணாமல் போய்விடும். ரோட்டில் போகிற பஸ்ஸுக்கு வெளிச்சம் மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. வெளியே பனி, உள்ளே அண்டா ஆவி, நடுவில் கதவு எங்கே என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு காலையில் கிண்டிக்கொண்டே இருந்தபோது திம்மராயன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அன்றைக்கு இருந்த அதே வயது. செம்பை நீட்டினேன். நனைத்தார். தொட்டார். விரல் சுத்தமாக வந்தது. அவர் வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து என் தோளில் யாரோ தட்டினார்கள். சரோஜம்மா. "மாரப்பண்ணா, யாருக்குச் செம்பை நீட்டறீங்க? களி இறுகுது, இறக்குங்க."

துப்புகிறவர்கள்

எல்லை தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் விருந்து நடந்தது. ஒயின் ருசி பார்க்கிற விருந்து. கம்பெனிகளின் பெரிய அதிகாரிகள் வீட்டம்மாவோடு வந்திருந்தார்கள். ஊர்ச் சாப்பாடு ஒன்று வேண்டும் என்று என்னையும் சரோஜம்மாவையும் கூட்டிப்போனார்கள். சாயங்கால வெயில் திராட்சைக் கொடிக்குள் விழுந்து இலையெல்லாம் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர், என் களியை நெல்லிக்காய் அளவு உருட்டச் சொன்னார். கல் பலகையில் ஒரு பலகைக்கு மூன்று நெல்லிக்காய். அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள்.

அங்கே நடந்ததை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். கண்ணாடிக் கிளாஸை ஆட்டுகிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், வாயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து ஒரு பாத்திரத்தில் துப்புகிறார்கள். பிறகு களியை எடுத்து நன்றாக மெல்லுகிறார்கள். விழுங்க வேண்டியதை மெல்லுகிறவர்களையும் குடிக்க வேண்டியதைத் துப்புகிறவர்களையும் ஒரே இடத்தில் அன்றுதான் பார்த்தேன். இருந்தாலும் அவர்கள் கண்ணை மூடி ருசி தேடியது எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான் கண்ணை மூடிக் கிண்டுகிறேன்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒரு நெல்லிக்காயை மென்றுவிட்டு, கொடிகளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "கடைசியில புது மழை பெஞ்ச மண் வாசனை வருது" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரோஜம்மா என் காதுக்குள் கிசுகிசுத்தார். "மண்ணு வருதாமா? மாவை ரெண்டு தடவை சலிச்சேனேண்ணா."

நனைந்த விரல்

போன தை மாதம் ஓசூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் உணவுத் திருவிழா நடத்தினார்கள். வரிசையாகக் கடைகள். பிரியாணி, பானிபூரி, கேரளாப் புட்டு, கடைசியில் நாங்கள். பகல் பதினொரு மணி இருக்கும், அண்டாவைத் திறந்த நேரம். ஆவி கலையும்போது அதற்குள் ஒரு கிழவர் தெரிந்தார். ஊன்றுகோல், மகள் கையைப் பிடித்திருந்தார். இவரும் மார்கழிப் பனியில் வந்த திம்மராயன் மாதிரிதான் என்று முதலில் நினைத்தேன். சரோஜம்மாவும் அவரையே பார்த்தார். அப்போதுதான் நிஜம் என்று தெரிந்தது.

அவர் எங்கள் கடைப் பலகையைப் படித்தார். அதில் என் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. "மாரப்பனா" என்றார். "ஆமாங்க மாஸ்டர்" என்றேன். முப்பது வருடமாக அவரிடம் கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊன்றுகோலை மகளிடம் கொடுத்தார். விரலை நனைத்தார். அன்றைக்கு நனைக்காத அதே விரல். களியைத் தொட்டு எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். சுத்தமான விரல். ஒரு பொட்டு ஒட்டவில்லை. மைதானத்தில் ஒலிபெருக்கி ஏதோ கத்திக்கொண்டிருந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. தளித் தோட்டத்து மாமரம், தொட்டி, எருமைகளின் ஈர மூக்கு எல்லாம் அந்த விரல் நுனியில் நின்றன. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சத்தியம் செய்வேன்.

விரலைத் துண்டில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு உருண்டை சாப்பிட்டார். ஒரு வாய்கூட மெல்லவில்லை, பழைய ஆள், வழுக்கிக்கொண்டு போனது. தட்டை மகள் எடுத்தாள். அவர் எழுந்து ஊன்றுகோலை வாங்கினார். நான் முன்னால் போய் நின்றேன். "எப்படி இருந்துதுங்க மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். சரோஜம்மா கரண்டியைக் கீழே வைத்தார். திம்மராயன் அண்டாவைப் பார்த்தார். களிக்கு நான் உப்பே போடுவதில்லை. அவரும் ஆயுசில் போட்டதில்லை. குழம்பில்தான் உப்பு. இது அவருக்கும் எனக்கும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார், இந்தத் தடவை என்னை யாரும் எழுப்பவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மி, மாரப்பா."

ஆக, முப்பது வருடத்தில் விரல் நனைந்துவிட்டது, சொல் மட்டும் இன்னும் வர வேண்டியிருக்கிறது, அவருக்கு எண்பது ஆகிறது என்கிறார்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.