இறங்கச் சொன்ன ஏட்டம்மா

கடைத்தெரு போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் அவளை ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கறாரான ஆள். அவள் விசிலை வாயில் வைத்தாலே லாரிக்காரர்கள் சீட் பெல்ட்டைத் தேடுவார்கள். கணவர் டவுன் பஸ் டிரைவர். பாதி நாள் இருவரும் ஒரே சாலையில்தான் இருப்பார்கள். பேசிக்கொள்வது மட்டும் வீட்டில்.

சைக்கிள்காரர்கள் நடைபாதையில் ஏறி வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் கூட்டமாக வந்து இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார்கள். உடனே உத்தரவு வந்தது: நடைபாதையில் இனி ஒரு சைக்கிளும் உருளக் கூடாது.

மறுநாள் காலை ஏட்டம்மா முதலில் மடக்கியது ஒரு தையல்காரியை. கேரியரில் தைத்த துணி மூட்டை.

"கீழ இறங்கி ஓட்டும்மா. இது நடக்கிறவங்களுக்கு."

"ரோட்ல உரசிக்கிட்டே போறாங்க மேடம். பயமா இருக்கு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இறங்கு."

இறங்கினாள். நாலு கடை தாண்டியிருக்க மாட்டாள். ஒரு வேன் அவளுடைய ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டு நிற்காமல் பறந்தது. ஏட்டம்மா ஓடிப்போய்ப் பார்த்தபோது சாலையெங்கும் துணிகள் சிதறிக் கிடந்தன. தையல்காரி உட்கார்ந்தபடி, வளைந்து போன வலது மணிக்கட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு இறங்கினேன்," என்றாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஏட்டம்மா நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள்.

"சார், நான் மஃப்டியில சைக்கிள் ஓட்டிட்டுப் போறேன். உரசற வண்டிய நம்ம ஆளு முன்னாடி நின்னு மடக்கட்டும்."

"புகார் சைக்கிள் மேலம்மா. வண்டிங்க மேல யாரு குடுத்தா?"

"நான் குடுக்கறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு காலைதான். ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஹெல்மெட்டுக்குள் காது அடைத்தது. முதுகுக்குப் பின்னால் எது வருகிறது என்று தெரியாமல் ஓட்டுவது இத்தனை பயங்கரம் என்று அவள் நினைத்ததில்லை. பைக்கில் வந்த ஒருவன், "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திக்கொண்டே போனான். ஒரு காரின் கண்ணாடி முழங்கையை உரசியது. கான்ஸ்டபிள் தூரத்தில் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

திடீரென்று காதைப் பிளக்கும் ஹார்ன். திரும்புவதற்குள் ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் தோளை ஒட்டிச் சுவர் மாதிரி நகர்ந்தது. ஹேண்டில்பார் ஆடியது. நடைபாதை விளிம்பில் கால் ஊன்றி எப்படியோ விழாமல் நின்றாள். மூச்சு வாங்கியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது கான்ஸ்டபிள் அந்தப் பஸ்ஸை நிறுத்தியிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... நம்ம மாமா வண்டி."

ஏட்டம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவர் அவளையே பார்த்தார்.

"மத்த வண்டிக்கெல்லாம் என்ன பண்ணீங்க?"

"கேஸ் எழுதினோம்க்கா."

"அப்ப இதுக்கும் எழுதுங்க."

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. "நீன்னு தெரிஞ்சிருந்தா அவ்வளவு பக்கத்துல வந்திருப்பேனா?"

"வேற யாரா இருந்தா வரலாமா?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

டிப்போவில் அவரை வண்டியிலிருந்து இறக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாமியார், "கட்டினவனையே புடிச்சுக் குடுத்தவ," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். சைக்கிள்களை விட்டுவிட்டு வண்டிகளை மடக்குகிறாள் என்று கடைக்காரர்கள் இந்த முறை ஏட்டம்மா மேலேயே புகார் கொடுத்தார்கள். ஆனால் ஒரு காலைக்கு என்று ஆரம்பித்த மஃப்டி சைக்கிள் சோதனையை நிறுத்த இன்ஸ்பெக்டருக்கு மனம் வரவில்லை. தையல்காரியின் கை கூடிவிட்டது. சைக்கிள் ஏறும் தைரியம் மட்டும் வரவில்லை.

வீட்டில் பேச்சு, உப்பு வேணுமா, தண்ணி வேணுமா என்பதோடு நின்றிருந்தது. மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னிக்குப் பாலம் முழுக்க ஒரு சைக்கிள் பின்னாடியே வண்டிய மெதுவா உருட்டிட்டு வந்தேன். பின்னாடி இருந்தவனுங்க ஹார்ன் அடிச்சே கொன்னுட்டானுங்க."

"லேட் ஆயிடுச்சா?"

"ஆச்சு. டிப்போவுல திட்டு," என்றார், சாப்பிட்டுக்கொண்டே.