டீ குடிக்கப் போன ஐந்து நிமிடம்

ரகுராமன் செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பில் இறந்துவிட்டார். மயிலாப்பூர் வீட்டிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் இதைச் சொன்னார். ரகுராமனின் ஆழ்வார்பேட்டைப் பட்டறையில் சிறு ரோபோக்கள் செய்யக் கற்றவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு இருபது ஆண்டு நண்பர். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய ரோபோ வண்டியைப் பற்றி எங்கள் பத்திரிகையில் எழுதப் போனேன். கணினி எதுவும் கிடையாது. இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சை முன்னே தள்ளினால் சக்கரம் முன்னே சுற்றும். பின்னே தள்ளினால் மின்சாரம் திசை மாறி, பின்னே சுற்றும். இரண்டையும் முன்னே தள்ளிக் காட்டினார். இடது சக்கரம் மட்டும் பின்னே சுற்ற, வண்டி நேரே போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"மோட்டார் மேல தப்பே இருக்காதுய்யா, வயர்லதான் இருக்கும்" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

திரும்பி வந்தபோது வண்டி நேராக ஓடியது. ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தார் என்று புகழ்ந்து எழுதினேன். யார் சரிசெய்தது என்று கேட்கவில்லை.

சாவு வீட்டு வாசலில் செல்வி என்னை நிறுத்தினார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் குடும்பம். பட்டறையில் ஆறு ஆண்டுகள் வயரிங் செய்தவர்.

"டீக்குப் போனீங்களே சார், அப்போ இடது மோட்டார் வயரு ரெண்டையும் மாத்திப் போட்டது நான்தான். அவருக்குப் பேசத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குன்னு அவரு பேர்ல போடுற புக்குல கீற படம் மொத்தமும் நான் வரைஞ்சது. என் பேரையும் போடுங்கன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'பேப்பர்லயே என் பேரு வந்துடுச்சு, இனிமே நீ சொன்னா எவன் நம்புவான்'னாரு. நீங்க எழுதினதுதான் சார்."

தான் படம் வரைந்த நோட்டை நீட்டினார். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி. 'இடது மோட்டார், வயர் மாற்றியது' என்ற குறிப்பின் தேதியை என் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். நான் போன அதே நாள்.

அந்தக் கட்டுரை வந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் ரகுராமன். செல்வியின் வாயை அடைக்க அது உதவும் என்று அப்போதே தெரிந்திருந்ததா? இனி கேட்க முடியாது.

என் மனைவி மருத்துவமனையில் கிடந்த பதினோரு நாளும் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதில் பொய் இல்லை.

என் கட்டுரைக்கான திருத்தம் ஞாயிற்றுக்கிழமை வரும். நோட்டின் நகலை ரகுராமனின் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். புத்தக அட்டையில் செல்வியின் பெயர் வருமா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாகப் பதிப்பாளர் கூறியிருக்கிறார்.