வட்டத்துக்கு ஒரு சனி ஞாயிறு

டிப்போவில் அவருக்கு ‘வட்டம்’ என்று பெயர். நகரைச் சுற்றிவரும் பேருந்தை ஓட்டியே தலை நரைத்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? புறப்பட்ட இடத்துக்கே வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, மறுபடி அதே சுற்று. அவர் சுற்றிய சுற்றுக்குச் செக்குமாடாக இருந்தால் ‘போதுமடா சாமி’ என்று படுத்திருக்கும். இவர் படுக்கவில்லை. அலுத்துப்போனார், அவ்வளவுதான்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மதிய ஷிஃப்ட். இவர் விடிகாலையில் கிளம்பும்போது அந்த அம்மாள் அசந்து தூங்குவார். இவர் வீட்டுக்கு வரும் நேரம் அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். சாப்பாடு அடுப்பில் இருக்கு, துணி கொடியில் இருக்கு என்று வாசற்படியிலேயே குடும்பம் நடந்தது.

இருவருக்கும் ஒரே சனி ஞாயிறு லீவு வாங்கியது கல்லில் நார் உரித்த கதை. காட்டுக்குள் நடக்கப் போகலாம் என்றது மனைவிதான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து விரலால் காட்டினார்.

“இந்த ஆத்தை ஒட்டியே மேல போறோம். ராத்திரி கூடாரம். மறுநாள் இந்த மேட்டைத் தாண்டினா அந்தப் பக்கம் இன்னொரு ஆறு. அதை ஒட்டியே இறங்கினா கிளம்பின இடத்துக்கே வந்துடலாம்.”

“சுத்தியா?”

“ஆமாங்க. பார்த்ததையே திரும்பப் பார்க்க வேணாம் பாருங்க.”

வட்டம் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். லீவிலும் சுற்றா? அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிரேக் மிதித்தே தேய்ந்த வலது முட்டிதான் தாங்காது. சொன்னால் அந்த அம்மாள் அன்றைக்கே லீவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னொரு சனி ஞாயிறு இப்படி எப்போது வாய்க்கும்? சரியென்று தலையாட்டினார்.

வியாழக்கிழமை நெரிசலில் மாட்டி, டிப்போவிலிருந்து தாமதமாகத்தான் கிளம்பினார். மனைவி வேலைக்குப் போயிருப்பார், ஒத்திகை பார்க்க இதுதான் சமயம் என்று தோன்றியது. கண்டக்டரிடம் இரவல் வாங்கிய முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து, மாட்டிக்கொண்டு வீட்டு மாடிப்படி ஏறினார். வீடு மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே முட்டி மக்கர் செய்துவிட்டது. பையைக் கழற்றவும் தெம்பில்லாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கி வந்தார். ஒருவரை ஒருவர் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

“முட்டியா?” என்றார் மனைவி.

“ம். உனக்கு?”

“குதிகால். தரையில வைக்க முடியலைங்க, கிளம்பவே லேட்டாயிடுச்சு. சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லலை.” பக்கத்தில் உட்கார்ந்தார். “லீவைத் திருப்பிக் குடுத்துடலாமா?”

“கொன்னுடுவேன்” என்றார் வட்டம். “மேடும் வேணாம், ரெண்டாவது ஆறும் வேணாம். கால் எங்க வலிக்குதோ அங்க கூடாரம் போடுவோம். மறுநாள் போன வழியே திரும்பிடுவோம்.”

“அதே வழியா? பார்த்ததையேவா பார்க்கறது?”

“உனக்குத்தான் பார்த்தது. என் வண்டி ஒரே பக்கமா சுத்துற வண்டி. இத்தனை வருஷத்துல ஒரு தெருவையும் நான் திரும்பி வர்றப்ப பார்த்ததில்ல. எல்லாத்தையும் போறப்ப மட்டும்தான் பார்த்திருக்கேன்.”

மனைவி சிரித்தபடி எழுந்து கைப்பையைத் தோளில் சரிசெய்தார். நேரமாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்து அடுத்த படியில் காலை வைத்தவரைப் பார்த்துக்கொண்டே வட்டம் சொன்னார்:

“உன்னையும் அப்படித்தான்.”